வரப்பில் ஒரு நண்டு வளை

2022 ஜூன் முதல் வாரத்தில் இத்தாலியின் பலெர்மோ நகர மக்கள் ஃபேக்ஸ் எந்திரத்தைத் தேட வேண்டியிருந்தது. மாநகராட்சியின் இணையதளம் திறக்கவில்லை. சான்றிதழ் கேட்டு இணையத்தில் விண்ணப்பிக்க வழியில்லை. பழைய நகருக்குள் கார் ஓட்டிப் போக ஓர் அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டை வாங்க முடியவில்லை, ஆகவே சீட்டில்லாமல் போனவர்களுக்கு அபராதமும் போட முடியவில்லை. அருங்காட்சியகத்துக்கும் மாசிமோ இசை அரங்குக்கும் டிக்கெட் பதிய வந்த சுற்றுலாப் பயணிகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். மாநகரக் காவலின் கட்டுப்பாட்டு அறையும் தெருக் கேமராக்களும்கூட முடங்கின. மேயர் தேர்தல் ஜூன் 12ஆம் தேதி. ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வாழும் ஊர் அது.

'வைஸ் சொசைட்டி' என்ற கும்பல் பின்னர் அந்தத் தாக்குதலுக்கு உரிமை கொண்டாடியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்கும் கும்பல். ஆனால் அந்தச் செய்தியைப் படித்தபோது என் மனதில் தைத்தது கும்பலின் பெயரல்ல. கணினிகளை அணைத்து நெட்வொர்க்கிலிருந்து துண்டித்துவிட்டோம் என்று மாநகராட்சித் தரப்பே அறிவித்தது. திருடன் உள்ளே வந்துவிட்டான் என்று தெரிந்ததும் வீட்டுக்காரரே எல்லா விளக்கையும் அணைத்து, எல்லாக் கதவையும் சாத்தினார். அந்த நேரத்தில் அதைத் தவிர வேறு நல்ல முடிவு இருந்திருக்காது. திருடன் எந்த அறையில் இருக்கிறான், எந்த அறைக்கு இன்னும் போகவில்லை என்று தெரியாதபோது வீடு முழுவதையும்தான் மூட வேண்டும்.

அதே ஆண்டு நவம்பர் 23ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்கும் இதே கதி நேர்ந்தது. ஐந்து சர்வர்கள், ஏறத்தாழ 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது. புறநோயாளிச் சீட்டிலிருந்து ரத்தப் பரிசோதனை முடிவு வரை இரண்டு வாரத்துக்குக் கையால் எழுதினார்கள். காரணம் என்ன என்று நாடாளுமன்றத்தில் கேட்கப்பட்டபோது அரசு தந்த விடை சுருக்கமானது: நெட்வொர்க் சரியாகப் பிரிக்கப்படவில்லை.

பிரிப்பது. நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான். அதிலும், கணினித் துறையில் வேலை செய்பவர்கள் தினமும் சந்தித்து, பலர் தினமும் தள்ளிப்போடும் ஒரு பிரிப்பைப் பற்றி. சோதனை சர்வரை, மக்கள் பயன்படுத்தும் லைவ் நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைப்பது.

இதற்கு உவமை பலெர்மோவிலேயே கிடைக்கிறது. நகரின் நடுவே பொலிதேயாமா என்ற அரங்கம் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பகுதிக்கும் அதே பெயர். வெற்றி வளைவு போன்ற வாசல், அதன் உச்சியில் வெண்கலத்தில் பாயும் குதிரைகள். கட்டடக் கலைஞர் ஜுசெப்பே தமியானி அல்மெய்தா. கிரேக்கச் சொற்களிலிருந்து வந்த அந்தப் பெயருக்குப் பல காட்சிகளுக்கான இடம் என்று பொருள். ஓபராவும் சர்க்கஸும் குதிரை வித்தையும் ஒரே இடத்தில் நடக்கட்டும் என்று திட்டமிட்டது. 1874 ஜூன் 7ஆம் தேதி பெல்லினியின் ஓர் ஓபராவோடு திறந்தார்கள். அன்றைக்குக் கூரை இல்லை. எல்லாம் முழுமையாக முடிந்தது 1891இல். வேலை முடியாத ஒன்றை லைவில் விடுவது மென்பொருள்காரர்களின் கண்டுபிடிப்பில்லை.

ஆனால் எந்த அரங்கமும் ஒரு விஷயத்தில் கறாராக இருக்கும். ஒத்திகை நடக்கும்போது கதவு சாத்தியிருக்கும். பாடகி தப்பான சுருதியில் தொடங்கலாம், கத்தி உறையிலிருந்து வராமல் சிக்கலாம், விளக்கு தவறான ஆளின் மேல் விழலாம். எதுவும் டிக்கெட் வாங்கியவரைத் தொடாது. மென்பொருளுக்கு அந்த ஒத்திகை இடம்தான் சோதனை சர்வர். வங்கி புதிய வட்டிக் கணக்கை இங்கே போட்டுப் பார்க்கும். மருத்துவமனை புதிய பேட்ச் ஒன்றை இங்கே நிறுவிப் பார்க்கும். பலித்தால் லைவுக்குப் போகும், பலிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

ஒத்திகை என்றால் உண்மையைப் போலவே இருக்க வேண்டும். லைவில் உள்ள அதே இயங்குதளம், அதே டேட்டாபேஸ், அதே அமைப்புகள் இல்லாவிட்டால் சோதனைக்கு அர்த்தமில்லை. அதனால் பெரும்பாலும் லைவ் சர்வரையே அப்படியே நகலெடுப்பார்கள். இன்றைய மெய்நிகர் எந்திரங்களில் இது சில நிமிட வேலை. சிக்கல் தொடங்குவது இங்கேதான். நகலுக்கும் அதே பெயர் தெரியும். அதே பாஸ்வேர்டுகள் தெரியும். மூலத்தின் டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது, மின்னஞ்சல் எந்த வழியாகப் போகும், காலை ஆறு மணிக்கு என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று: தான் ஒரு நகல் என்பது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், கட்டணம் வசூலிக்கும் சர்வரை ஓர் இரவில் நகலெடுத்துச் சோதனைக்கு எழுப்பினோம். கணக்குகளை மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதற்காக எல்லோருடைய நிலுவைத் தொகையிலும் வேண்டுமென்றே பெரிய எண்களைப் போட்டோம். வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். காலை ஆறு மணிக்கு நகல் விழித்துக்கொண்டது. மூலம் தினமும் செய்யும் வேலையை அதுவும் பொறுப்பாகச் செய்தது: நிலுவை வைத்திருப்பவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியது. ஓய்வூதியத்தில் வாழும் ஒரு பெரியவர் தன் பெயரில் லட்சக்கணக்கில் பாக்கி என்று படித்துவிட்டு ஆட்டோ பிடித்து அலுவலகத்துக்கு வந்துவிட்டார். அவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. "ஐயா, அது டெஸ்ட் மெசேஜ்" என்று சொன்னேன். அவருக்கு அந்தச் சொல்லில் ஓர் ஆறுதலும் இல்லை.

எங்களில் யாரும் கவனக்குறைவானவர்கள் இல்லை. குறுஞ்செய்தியை நிறுத்த வேண்டும் என்று ஒரு தாளில் குறித்தும் வைத்திருந்தோம். ஆனால் அந்தக் குறிப்பு ஒரு மனிதரின் ஞாபகத்தை நம்பி இருந்தது. நகல் தன்னை அடக்கிக்கொள்ளாது, மனிதர் எப்போதாவது மறப்பார். ஆகவே தடை நகலுக்கு வெளியே, நெட்வொர்க்கில் இருக்க வேண்டும்.

1979 நவம்பர் 9 அதிகாலையில் இதே தவறு உலகத்தின் விளிம்புவரை போய் வந்தது. அமெரிக்காவின் கொலராடோவில் செயேன் மலைக்குள் அமைந்த வான் பாதுகாப்புத் தலைமையகத்தின் திரைகளில், சோவியத் ஏவுகணைகள் கூட்டமாகக் கிளம்பிவிட்டதாகக் காட்சி வந்தது. போர் விமானங்கள் பறந்தன. போர்க்காலத்தில் அதிபர் ஏற வேண்டிய விமானம் அதிபர் இல்லாமலே மேலே எழுந்தது. செயற்கைக்கோள்களையும் ராடார்களையும் நேரடியாக விசாரித்தபோது வானத்தில் ஒன்றுமில்லை. பயிற்சிக்காகத் தயாரித்த போர்க் காட்சி ஒன்று, உண்மையான எச்சரிக்கைக் கணினிகளுக்குள் நுழைந்திருந்தது. அந்தக் காட்சி மிக நன்றாகத் தயாரிக்கப்பட்டது என்பதால்தான் எல்லோரும் நம்பினார்கள். அதன்பின், சோதனைகளை லைவ் அமைப்பில் செய்யக் கூடாது என்று அதற்கென மலைக்கு வெளியே, கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் தனி நிலையம் அமைத்தார்கள்.

தனிக் கட்டடம் கட்டும் வசதி எல்லோருக்கும் இல்லை. ஓர் அலுவலகத்தில் ஒரு ரேக், அதில் இரண்டு சர்வர், அவற்றை இணைக்கும் ஒரு சுவிட்ச். அதற்குள்ளேயே எப்படிப் பிரிப்பது?

எங்கள் ஊர்ப் பக்கம் நாற்றங்கால் விடுவதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. நடவு வயலின் ஓரத்திலேயே ஒரு சிறு துண்டில் நாற்று வளரும். அதே மண், அதே தண்ணீர். ஆனால் சுற்றிலும் வரப்பு. தண்ணீர் வேண்டும்போது மடையைத் திறப்பார்கள், போதும் என்றால் மண்ணை வைத்து அடைப்பார்கள். கணினி நெட்வொர்க்கிலும் முதலில் போட வேண்டியது வரப்பு, பிறகு வைக்க வேண்டியது மடை. வரப்பு போடாமல் மடையை மட்டும் வைத்து யாரும் வயலைக் காத்ததில்லை.

வரப்பு ஏன் வேண்டும் என்பதை டிஎச்சிபி என்ற சேவை நன்றாகக் காட்டும். ஒரு கணினியை நெட்வொர்க்கில் செருகியதும் அதற்கு முகவரி கிடையாது. அது என்ன செய்கிறது? தெருமுனையில் நின்று கூவுவதைப் போல, "எனக்கொரு முகவரி கொடுங்கள்" என்று அந்த வட்டத்தில் உள்ள எல்லோருக்கும் கேட்கும்படிக் கூப்பிடுகிறது. முகவரி வழங்கும் சர்வர் பதில் சொல்கிறது. பொதுவாக முதலில் வந்த பதிலையே கணினி எடுத்துக்கொள்ளும். சொன்னவர் யார், அவருக்கு அதிகாரம் உண்டா என்று அது விசாரிப்பதில்லை. இப்போது சோதனைக்காக நகலெடுத்த டிஎச்சிபி சர்வர் ஒன்றும் அதே வட்டத்தில் இருந்தால்? வரவேற்பறையில் இருப்பவரின் கணினி கூவும்போது நகலும் பதில் சொல்லும். அவருக்கு ஒரு சோதனை முகவரி கிடைக்கும். அலுவலகத்தில் பாதிப் பேருக்கு இணையம் வரும், பாதிப் பேருக்கு வராது. மறுநாள் வேறு பாதிக்கு வராது. இந்தக் குழப்பத்தின் வேரைத் தேடி ஒரு வாரம் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

கூவலின் எல்லைதான் வரப்பு. அதைப் போட வி-லேன் என்ற உத்தி இருக்கிறது. சுவிட்ச் வழியே போகும் ஒவ்வொரு தகவல் சட்டகத்திலும் நான்கு பைட் அளவுக்கு ஒரு சீட்டு ஒட்டப்படுகிறது. அதில் 12 பிட் அந்தச் சட்டகம் எந்த வயலைச் சேர்ந்தது என்று சொல்லும். இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு 4,096. அதில் இரண்டு எண்கள் ஒதுக்கப்பட்டவை. மீதி 4,094 வயல்களை ஒரே சுவிட்சில் பிரிக்க இந்தச் சீட்டு இடம் தருகிறது. 10ஆம் எண் வயலில் எழுந்த கூவல் 20ஆம் எண் வயலுக்குக் கேட்காது. வயரை மாற்றாமல், சுவரை இடிக்காமல், இரண்டு தனி நெட்வொர்க் கிடைத்துவிடும்.

மெய்நிகர் எந்திரங்களில் இன்னும் உறுதியான வழி உண்டு. ஒரே பெரிய கணினிக்குள் பத்து சர்வர்கள் ஓடும்போது அவற்றை இணைக்கும் சுவிட்சும் மென்பொருளாகவே இருக்கும். வெளி உலகுக்குப் போகும் எந்த வயரோடும் சேர்க்காமல் ஒரு மெய்நிகர் சுவிட்சை உருவாக்கலாம். அதில் மாட்டிய சோதனை சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். வெளியே போக வழியே இல்லை. லைவின் அதே பெயரும் அதே முகவரியும் வைத்திருந்தாலும் மோதல் வராது, ஏனெனில் ஒருவர் இருப்பது இன்னொருவருக்குத் தெரியாது. நகலெடுத்த சர்வரை முதன்முதலில் எழுப்பும்போது இப்படி ஓர் அடைத்த அறையில்தான் எழுப்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உள்ளே போய், காலை ஆறு மணி வேலைகளை நிறுத்தி, பாஸ்வேர்டுகளை மாற்றி, பெயரை மாற்றி, பிறகுதான் வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

ஆனால் முழுவதும் அடைத்த அறையில் நெடுநாள் வேலை செய்ய முடியாது. புதிய மென்பொருள் உள்ளே வர வேண்டும். சோதிப்பவர்கள் உள்ளே நுழைய வேண்டும். இங்கே மடை வருகிறது. இரண்டு வி-லேன்களுக்கு நடுவே ரவுட்டரோ ஃபயர்வாலோ உட்காரும். அதில் எழுதும் முதல் விதி: எதையும் விடாதே. அதற்குமேல் ஒவ்வொன்றாக விலக்குகள். யாரிடமிருந்து, யாருக்கு, எந்தக் கதவு எண்ணில் (போர்ட்), எந்தத் திசையில். இதில் திசைதான் பலருக்கு நழுவும். லைவ் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நிர்வாகி சோதனைப் பக்கத்தை எட்டிப் பார்க்கலாம். சோதனைப் பக்கத்திலிருந்து எதுவும் தானாகத் தொடங்கி லைவைத் தொடக் கூடாது. நாற்றங்காலில் நோய் விழுந்தால் அந்தத் தண்ணீர் நடவு வயலுக்குப் பாயக் கூடாது அல்லவா?

பெயர்களுக்கும் இதே விதி. சர்வர்கள் ஒன்றையொன்று பெரும்பாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். பெயரை முகவரியாக மாற்றுவது டிஎன்எஸ். சோதனை வயலுக்கென்று தனி டிஎன்எஸ் வைத்தால், நகல் பழைய பழக்கத்தில் டேட்டாபேஸைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் சோதனை டேட்டாபேஸ்தான் "என்ன?" என்று கேட்கும். இணையத்தை வடிவமைத்தவர்களுக்கு இந்தக் கவலை முன்பே இருந்தது. 1999இல் அவர்கள் வெளியிட்ட ஓர் ஆவணம், 'டாட் டெஸ்ட்' என்று முடியும் பெயர்களை உண்மையான இணையத்தில் யாருக்கும் தருவதில்லை என்று ஒதுக்கியது. 192.0.2.0 முதல் 192.0.2.255 வரையுள்ள முகவரிகளும் எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கியவை. சோதனைக்கு நாமாக ஒரு பெயரைக் கற்பனை செய்தால், அந்தப் பெயரில் எங்கோ ஒருவர் உண்மையாகவே கடை நடத்திக்கொண்டிருக்கலாம். நம் சோதனை மின்னஞ்சல் அவர் வாசலில் போய் விழும்.

இவ்வளவும் செய்தபின் நண்டு வேலை தொடங்கும். வரப்பு வெளியிலிருந்து பார்க்க உறுதியாக இருக்கும். உள்ளே நண்டு வளை போட்டிருக்கும். இரவோடு இரவாகத் தண்ணீர் போய்விடும். நெட்வொர்க்கில் நான் பார்த்த வளைகள் எல்லாம் சாதாரணமானவை. இரண்டு வயலிலும் ஒரு காலை ஊன்றிய கணினி: யாரோ வசதிக்காக இரண்டாவது நெட்வொர்க் அட்டையைப் போட்டிருப்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான பேக்கப் சர்வர். எல்லோரையும் கண்காணிக்க எல்லா இடத்துக்கும் சாவி வைத்திருக்கும் மானிட்டரிங் மென்பொருள். தவறான வி-லேனில் செருகிய ஒரு வயர். இரண்டு பக்கத்திலும் ஒரே நிர்வாகி பாஸ்வேர்ட்.

கடைசியில் சொன்னதுதான் மிக ஆழமான வளை. பாஸ்வேர்டும் அனுமதியும் வி-லேன் எல்லைக்குக் கட்டுப்படுவதில்லை. ஃபயர்வால் அவற்றைப் பார்ப்பதில்லை. 2023 நவம்பர் கடைசியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்கே இது நேர்ந்தது. ரஷ்ய அரசின் ஆதரவு பெற்றதாக அந்நிறுவனம் சொல்லும் 'மிட்நைட் பிளிஸார்ட்' குழு, பொதுவாக எல்லோரும் வைக்கும் சில பாஸ்வேர்டுகளைப் பல கணக்குகளில் பொறுமையாகப் போட்டுப் பார்த்தது. ஒரு கணக்கு திறந்தது. அது வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் கணக்கல்ல. என்றோ உருவாக்கி விட்டுவிட்ட ஒரு பழைய சோதனைச் சூழலின் கணக்கு. இரண்டாவது சரிபார்ப்பு அதற்குப் போடப்படவில்லை. சோதனைதானே! ஆனால் அந்தச் சூழலில் இருந்த ஒரு பழைய சோதனைச் செயலிக்கு, நிறுவனத்தின் உண்மையான அலுவலகச் சூழலுக்குள் நுழையும் உயர்ந்த அனுமதி தரப்பட்டிருந்தது. அந்த அனுமதியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனவர்கள், மூத்த அதிகாரிகள் உட்படச் சிலரின் மின்னஞ்சல்களைப் படித்தார்கள். நிறுவனம் கண்டுபிடித்தது 2024 ஜனவரி 12ஆம் தேதி. ஒரு வாரம் கழித்து வெளியே சொன்னது. உலகத்தின் மேசைக் கணினிகளில் பெரும்பகுதிக்கு இயங்குதளம் செய்து தருபவர்களின் வரப்பிலேயே வளை இருந்தது என்பதை என்னைப் போன்ற சிறு நெட்வொர்க்குக்காரர்கள் சும்மா கடந்து போக முடியாது. சோதனை முடிந்ததும் யாரும் திரும்பிப் பார்க்காத சர்வர்கள் எத்தனை நம் ரேக்குகளில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கின்றன!

பலெர்மோவுக்குத் திரும்புகிறேன். பிரித்து வைப்பது என்பதை அந்த ஊர் கணினிக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்பே கற்றது, கற்றதை ஒருமுறை கைவிடவும் செய்தது.

1575இல் அங்கே பிளேக் வந்தபோது மருத்துவப் பொறுப்பு ஜொவான்னி ஃபிலிப்போ இங்க்ராசியாவிடம் இருந்தது. காதுக்குள் இருக்கும் அங்கவடி எலும்பை முதலில் விவரித்தவர் என்று உடற்கூறியலார் நினைவில் வைத்திருக்கும் மனிதர். கிருமியை யாரும் கண்ணால் கண்டிராத காலம். ஆனால் தொட்டால் தொற்றும், தொட்ட பொருளாலும் தொற்றும் என்று அவர் கண்டிருந்தார். ஊருக்கு வெளியே கூபா என்ற பழைய நார்மன் அரண்மனையை நோயாளிகளின் இல்லமாக்கினார். அவர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது, நோயாளிகளையும் நோய் இருக்குமோ என்று சந்தேகப்பட்டவர்களையும் தனித்தனியே வைத்தது. சந்தேகத்தில் பிடித்து வந்தவரை நோயாளியின் பக்கத்தில் படுக்க வைத்தால், இல்லாத நோயை நாமே கொடுத்தவர்கள் ஆவோம். மருந்து மூன்று என்று அவர் சொன்னார்: தங்கம், நெருப்பு, தூக்குமரம். செலவுக்குத் தங்கம், தொற்றிய பொருளை எரிக்க நெருப்பு, விதியை மீறுபவருக்குத் தூக்குமரம். மூன்றாவதை விட்டுவிடலாம். முதலிரண்டும் இன்றும் செல்லும். தனி சுவிட்சுக்கும் தனி உரிமக் கட்டணத்துக்கும் பணம் ஒதுக்க வேண்டும்; சோதனை முடிந்த நகலைத் தயங்காமல் அழிக்க வேண்டும்.

அடுத்த பிளேக் 1624இல். அந்த மே மாதம் துனிஸிலிருந்து ஒரு கப்பல் வந்தது. துனிஸில் நோய் பரவியிருப்பது தெரிந்த செய்திதான். துறைமுக விதிப்படி கப்பல் தூரத்தில் நின்றிருக்க வேண்டும். ஆனால் அதில் வைசிராய்க்கான பரிசுப் பொருள்கள் இருந்தன. வைசிராய் எமானுவேலே ஃபிலிபெர்த்தோ அனுமதி கொடுத்தார். நோய் கரையிறங்கியது, ஊரை ஆட்கொண்டது, ஆகஸ்ட் 3ஆம் தேதி வைசிராயும் அதில் இறந்தார்.

இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஃபயர்வாலின் விலக்குப் பட்டியல் நினைவுக்கு வரும். விதி இல்லாமல் போவதால் நெட்வொர்க்குகள் கெடுவது குறைவு. பெரியவர் ஒருவருக்காக விதி ஒருமுறை தளர்வதால் கெடுவதுதான் அதிகம். "டெமோ நாளைக்கு, இந்த ஒரு போர்ட்டை மட்டும் திறந்துவிடுங்க தம்பி, அப்புறம் மூடிக்கலாம்." திறந்ததை யாரும் குறித்துவைப்பதில்லை. டெமோ முடிந்து, கேட்டவர் வேறு வேலைக்குப் போய், மூன்று ஆண்டு கழித்தும் அந்த மடை திறந்தே கிடக்கும். அதனால் நான் இப்போது எந்த விலக்கையும் முடிவுத் தேதி போடாமல் திறப்பதில்லை. கேட்பவர் யாராக இருந்தாலும் சரி.

அந்த 1624 ஜூலையில் பெல்லெக்ரினோ மலைக் குகையில் ரொசாலியா என்ற துறவிப் பெண்ணின் எலும்புகள் கிடைத்ததாகவும், அவற்றை ஊர்வலமாகக் கொண்டுவந்தபின் நோய் தணிந்ததாகவும் பலெர்மோ மக்கள் நம்புகிறார்கள். அவர் ஊரின் காவல் புனிதரானார். இன்று அந்த மலைக்கு ஏறிப் போகிறவர்களில் பலெர்மோவில் குடியேறிய ஈழத் தமிழர்கள் ஏராளம்; கிறித்தவர்கள் மட்டுமல்ல, சைவர்களும். போரிலிருந்து தப்பி வந்து, பொலிதேயாமாவைச் சுற்றிய தெருக்களில் வேலை தேடி, அந்த ஊரையே தம் ஊராக்கிக்கொண்டவர்கள். 2022இல் மாநகராட்சியின் கணினிகள் அணைந்தபோது அவர்களும் அந்த இருட்டில்தான் இருந்தார்கள். புலம்பெயர்ந்தவருக்குக் குடியிருப்புச் சான்றிதழ் என்பது வெறும் காகிதமல்ல. வதிவிட அனுமதிப் புதுப்பிப்பும் பிள்ளையின் பள்ளியும் அதில் தொங்கும். சென்னைக்கும் கொழும்புக்கும் பலெர்மோவுக்கும் ஒரே கடலடிக் கேபிள் போகிறது: சீ-மீ-வீ 4, ஏறத்தாழ 18,800 கிலோமீட்டர், 2005இல் இயங்கத் தொடங்கியது. உலகம் இப்படி ஒரே வயரில் கோக்கப்பட்டிருக்கும்போது, உள்ளே எங்கே வரப்பு போடுகிறோம் என்பது கணினி அறைக்குள் அடங்கும் கேள்வியாக எனக்குத் தோன்றவில்லை.

தகவலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் எனக்குக் கோபம் வரும். சோதனைக்கு உண்மையான மனிதர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் நோய்க் குறிப்பும் ஏன் வேண்டும்? நிரலுக்குப் பத்து இலக்க எண் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். அது உங்கள் அம்மாவின் எண்ணாக இருக்கத் தேவையில்லை. நகலெடுத்த கையோடு பெயர்களைக் குலைத்து, எண்களை மாற்றி, அடையாளம் தெரியாதபடி செய்துவிட்டால், வரப்பு உடைந்தாலும் வெளியே போவது பதர்தான். கட்டண அட்டைகளைக் கையாள்பவர்களுக்கான உலகத் தரவிதிகள், லைவுக்கு இணையான பாதுகாப்பு இல்லாத சோதனைச் சூழலில் உண்மையான அட்டை எண்ணைப் பயன்படுத்தக் கூடாது என்றே சொல்கின்றன. தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 தரத்தின் 2022ஆம் ஆண்டுப் பதிப்பு, உருவாக்கம், சோதனை, லைவ் மூன்றையும் பிரித்து வைப்பதைத் தனி விதியாகவே எண் போட்டு வைத்திருக்கிறது. எங்கள் ஆறு மணிக் குறுஞ்செய்தி அன்று போலி எண்களுக்குப் போயிருந்தால் அந்தப் பெரியவர் தன் வீட்டுத் திண்ணையில் காபி குடித்துக்கொண்டிருந்திருப்பார்.

பிரிப்பது என்றால் உறவையே அறுப்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2017 ஜனவரி 31ஆம் தேதி கிட்லேப் நிறுவனத்தில் களைத்துப்போன ஒரு பொறியாளர் தவறான சர்வரில் கட்டளை கொடுத்து, லைவ் டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப்புகளைத் தேடினால் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. கடைசியில் காப்பாற்றியது, ஆறு மணி நேரம் முன்பு ஒத்திகைச் சூழலுக்காகத் தற்செயலாக எடுத்து வைத்த ஒரு நகல். நாற்றங்காலில் மிஞ்சிய நாற்றை எடுத்து, வெள்ளத்தில் போன வயலை மறுபடி நட்ட கதை. அந்த நகல் லைவோடு ஒட்டியிருந்து, அதே கட்டளைக்கு ஆட்பட்டிருந்தால் அதுவும் சேர்ந்தே போயிருக்கும்.

வரப்பு போட்டதோடு நான் நிற்பதில்லை. மாதம் ஒருமுறை ஒரு வேலை வைத்திருக்கிறேன். சோதனை சர்வருக்குள் போய் உட்கார்ந்து, ஒரு திருடனைப் போல லைவைத் தொட முயல்வேன். டேட்டாபேஸின் முகவரியைத் தட்டுவேன். மின்னஞ்சல் வாசலைத் தட்டுவேன். பேக்கப் சர்வரை, பிரிண்டரை, குறுஞ்செய்தி அனுப்பும் இணைப்பை. லைவ் நிர்வாகியின் பாஸ்வேர்டைக் கொடுத்துப் பார்ப்பேன். திரையில் கர்சர் துடித்துக்கொண்டே இருக்கும். பத்து விநாடி, இருபது விநாடி. பிறகு 'பதில் இல்லை' என்று ஒரு வரி வரும். அதைத் தேதியோடு நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த முகவரியைத் தட்டுவேன். போன மாதம் பதினான்கு இடத்தில் தட்டினேன். பதின்மூன்றில் பதில் இல்லை. பதினான்காவது இடம் ஒரு பிரிண்டர், அது திறந்தது. மறுபக்கம் யாருடைய மேசையிலோ ஒரு வெற்றுத் தாள் அச்சாகி வந்தது. எழுந்து போய், அந்த வயர் எந்த சுவிட்சின் எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்று தேடத் தொடங்கினேன்.